ஆயிரத்து எழுபத்தெட்டு ரூபாய் வட்டி

உட்காருங்கள், தம்பி. அந்த நாற்காலி வேண்டாம். அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். கடையை விலை பேச வந்திருக்கிறீர்கள். ஆகவே ஆடுகிற காலையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உங்கள் கேள்வி நியாயமானது. “ஒரு காலத்துல இந்த உரக்கடையில நிக்க எடம் இருக்காதேம்மா, இப்ப ஏன் ஆளே காணோம்?” என்று கேட்டீர்கள். வாங்குகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. எதிரே புதுக்கடை வந்ததுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். என் தங்கை அப்படித்தான் சொல்லச் சொன்னாள். ஆனால் எதிர்க்கடை வந்தது இரண்டாவது வருடத்தில். கூட்டம் குறைந்தது முதல் வருடத்திலேயே. தேதிவாரியாகப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. இந்த மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஆறு லட்சத்துப் பத்தாயிரம் கட்டவில்லை என்றால் வீடு ஏலத்துக்குப் போகும். நோட்டீசு வந்துவிட்டது. இன்று தேதி இருபத்துநான்கு. உங்களை விட்டால் வாங்குவதற்கு வேறு ஆள் இல்லை. விலை பேசும்போது இதையெல்லாம் சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது, அலுப்பாகவும் இருக்கிறது. வங்கி மேலாளர் நல்ல மனிதர். “அபராத வட்டியத் தள்ளி விட்டுர்றோம், ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்கம்மா” என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட வட்டியை எந்த முகத்தோடு குறைக்கச் சொல்வது?

கடை என் கணவர் தியாகராசனுடையது. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அதனால்தான் இங்கே எல்லோரும் என்னைச் சங்கத்தம்மா என்பார்கள். என் கையால் எழுதிய கணக்கில் தணிக்கைக்கு வந்த எவரும் ஒரு பிழை கண்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு இது தேவை.

காரியம் முடிந்த மறுநாள் இதே மேசையில் உட்கார்ந்து அவருடைய பேரேடுகளை எடுத்தேன். பதினெட்டு வருடப் பேரேடுகள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பக்கம். புரட்டாசியில் மக்காச்சோள விதை, அடியுரம், பிறகு மேலுரம், படைப்புழு மருந்து. மாசியில் சோளம் விற்றுப் பணம் வந்ததும் கணக்கு முடிப்பு. அந்த முடிப்பில் எல்லாப் பக்கத்திலும் ஒன்றே இருந்தது. வட்டி என்று ஒரு பெரிய தொகை, நாலாயிரம், ஐயாயிரம் என்று எழுதியிருக்கும். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. எழுதுவது, அடிப்பது. பதினெட்டு வருடமும் எழுதி அடித்திருக்கிறார். ஒரே ஒருவரிடமாவது வட்டி வாங்கியிருக்கிறாரா என்று தேடினேன். இல்லை.

சரி, இரக்கமுள்ள மனிதர் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு விலைப்பட்டியலைப் பார்த்தேன். ரொக்கத்துக்கு வாங்கினால் விதைப் பை ஆயிரத்து அறுநூறு. கடனுக்கு வாங்கினால் பையில் அச்சிட்டிருக்கும் ஆயிரத்து எண்ணூறு. மருந்திலும் அப்படி, உரத்திலும் அப்படி. அதாவது, வாங்காத வட்டியை விலையிலேயே முன்கூட்டி வாங்கியிருக்கிறார். பிறகு மாசி மாதம் நாலு பேர் முன்னால் பேரேட்டைத் திறந்து, வட்டியைச் சத்தமாக வாசித்து, “மருதமுத்துகிட்ட வட்டி வாங்கிட்டு நான் எந்த மூஞ்சியோட இந்தத் தெருவுல நடக்கிறது?” என்று கேட்டு அடித்திருக்கிறார். நான் விடுமுறைக்குக் கடைக்கு வந்த நாட்களில் இதைப் பார்த்திருக்கிறேன். மருதமுத்து, “வேணாங்க மொதலாளி, போட்டது போட்டபடி இருக்கட்டும்” என்று கையைப் பிடிப்பார். இவர் கையை உதறுவார். மறுபடியும் பிடிப்பார். உதறுவார். மூன்றாவது முறை கோடு விழும். பிறகு எல்லோருக்கும் தேநீர். அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. கணக்கைப் பார்த்த பிறகு கூச்சமாக இருந்தது.

நான் திருத்தினேன். இரண்டு விலையை எடுத்துவிட்டேன். கடனுக்கும் ரொக்க விலைதான். தொண்ணூறு நாள் வரை வட்டி இல்லை. அதற்குமேல் நூற்றுக்கு வருடம் பன்னிரண்டு. நாள் கணக்கில், தனி வட்டி. எல்லோருக்கும் ஒரே விகிதம். ரசீதின் அடியில் அச்சிட்டேன். விதை வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் வாயாலும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்றார்கள். தலையாட்டியதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மருதமுத்துவைச் சொல்ல வேண்டும். செங்குளத்துக்காரர், நாலு ஏக்கர் மானாவாரி. பெரிய பண்ணை இல்லை. ஆனால் அவர் எந்தக் கடையில் விதை எடுக்கிறாரோ அந்தக் கடையில்தான் செங்குளத்தில் எழுபது வீடும் எடுக்கும். அந்த மாசியில் முதல் ஆளாக அவர்தான் வந்தார். மனைவி பவுனம்மாளையும் அழைத்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி. அந்த அம்மாள் தலையில் கனகாம்பரம். கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி வந்தார்கள். கடையில் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

கணக்கைத் தயாராக வைத்திருந்தேன். அசல் நாற்பத்தாறாயிரத்து இருநூறு. தொண்ணூறு நாளுக்குமேல் எழுபத்தொரு நாள். வட்டி ஆயிரத்து எழுபத்தெட்டு ரூபாய் நாற்பத்திரண்டு காசு. வாசித்தேன்.

அவர் அசலை எண்ணி மேசையில் வைத்தார். பிறகு என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க பாத்துப் பண்ணுங்கம்மா” என்றார்.

“பார்த்துத்தான் போட்டிருக்கிறேன், மருதமுத்து. சந்தேகம் இருந்தால் நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்” என்று கால்குலேட்டரை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் அதைத் தொடவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். பெரியண்ணன் என்று ஒருவர், அவரும் செங்குளம்தான், எப்போதும் வாய் சும்மா இராது. “என்ன மாமா, மொதலாளி போனதும் ஒம் பவுசும் போச்சா?” என்றார். சிலர் சிரித்தார்கள்.

மருதமுத்து மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, திரும்பி நின்று எண்ணி, ஆயிரத்து எண்பது ரூபாயை நேரே என் கையில் கொடுத்தாள். நான் இரண்டு ரூபாய் மீதி கொடுத்தேன். நாற்பத்திரண்டு காசை விட்டுவிட்டேன். அதுவும் ஒரு தள்ளுபடிதானே? ரசீது எழுதினேன். “வர்றோம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவ்வளவுதான், தம்பி. சத்தம் இல்லை, சண்டை இல்லை. இது ஒழுங்காக நடந்துவிட்டது என்று அன்று நான் நிம்மதியாகக் கடையைச் சாத்தினேன்.

அந்தச் சித்திரையிலிருந்தே கடையில் கூட்டம் குறைந்தது. அடுத்த புரட்டாசியில் மருதமுத்து வரவில்லை. செங்குளத்திலிருந்தே ஒருவரும் வரவில்லை. அதற்குள் எதிர்க்கடை திறந்திருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று விசாரித்தேன். அந்தக் கடைக்காரர் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி எழுதுகிறாராம். கணக்கு முடிக்கும்போது, “ஒங்களுக்காக ஒரு ரூவா கொறச்சாச்சு மாமா!” என்று கூவிக்கொண்டு ஒன்றை அடிக்கிறாராம். மீதி இரண்டு. மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு இருபத்துநான்கு. என்னுடையதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. அதுவும் முதல் நாளிலிருந்து. அங்கே போய் நிற்கிறார்கள், தம்பி! கைபேசியில் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஒருவர்கூடப் போட்டுப் பார்க்கவில்லையா?

அவர்களுக்கு விளங்கவில்லை, விளக்க வேண்டியது என் கடமை என்று எண்ணினேன். ஒரு பெரிய தாளில் அட்டவணை எழுதி, அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில், வாசலிலிருந்து தெரிகிற மாதிரி ஒட்டினேன். உதாரணத்துக்கு மருதமுத்துவின் கணக்கையே எடுத்துக்கொண்டேன். பெயரோடு போட்டால்தானே நம்புவார்கள்? ஒரு பக்கம் தியாகராசன் நடத்திய பழைய முறை: விதையில், உரத்தில், மருந்தில் அவர் ஒரு வருடத்தில் கூடுதலாகக் கொடுத்தது நாலாயிரத்து அறுநூற்று இருபது. மறு பக்கம் புதிய முறை: வட்டி ஆயிரத்து எழுபத்தெட்டு. இலாபம் மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பத்திரண்டு. அடியில் கோடிட்டு, ‘பழைய முறையில் வட்டி தள்ளுபடி என்று சொல்லப்பட்டது உண்மையில் தள்ளுபடி அன்று’ என்று எழுதினேன். என் கணவரைப் பற்றித்தான் எழுதினேன். எனக்கு அது எளிதாக இருந்தது என்று நினைக்கிறீர்களா? ஆனாலும் எழுதினேன்.

ஒரு வாரம் ஆட்கள் வந்தார்கள். வாங்கவில்லை, நின்று வாசித்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் நாள் பவுனம்மாள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். வெயிலில் நடந்து வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“அந்தத் தாள எடுத்துருங்கம்மா” என்றாள்.

“ஏன் பவுனம்மா, அதில் ஏதாவது பிழை இருக்கிறதா?”

“பெழை என்னத்தம்மா இருக்கப் போவுது. சங்கத்தம்மா கணக்குல பெழை வருமா?”

“பின்னே?”

“அய்யா பேரும் எங்க வூட்டுக்காரரு பேரும் அப்பிடிச் செவுத்துல கெடக்க வேணாம்மா.”

நான் பொறுமையாகச் சொன்னேன். “அவர் உங்களிடம் பைக்கு இருநூறு ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார். உங்களுக்கு அது தெரியவேண்டாமா?”

அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்கு விளங்கவில்லை. கோபம் இல்லை. காய்ச்சல்காரரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“தெரியாம என்னம்மா? இருநூறு கூடன்னு செங்குளத்துல எருமை மேய்க்கிறவளுக்குக்கூடத் தெரியும். தெரிஞ்சுதான் வாங்குனோம். வருசம் பூரா வெயில்லயும் சேத்துலயும் கெடக்குற ஆளு. யாரு எங்க ஆள மதிச்சு ஒரு வார்த்தை சொல்றா? மாசியில ஒரு நாளு, நாலு பேரு முன்னாடி, ‘மருதமுத்துகிட்ட வட்டி வாங்க மாட்டேன்’னு அய்யா சொல்வாரு. அன்னிக்கு வூட்டுக்கு வந்து ரெண்டு நாளைக்கு அதையே சொல்லிக்கிட்டு இருப்பாரு. எனக்கே காது புளிச்சுப் போவும். அதுக்குத்தாம்மா நான் பூவு வச்சுக்கிட்டு வர்றது.”

“ஒரு வார்த்தைக்கு நாலாயிரத்து அறுநூறா?” என்று கேட்டேன்.

“அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதும்மா. நீங்க வாங்குன ஆயிரத்து எழுவத்தெட்டு எங்களுக்குப் பெருசில்ல. அன்னிக்கு அவ்வளவு பேரு முன்னாடி அந்த மனுசன நிக்க வச்சீங்க பாத்தீங்களா, அதான் பெருசு. அந்தப் பெரியண்ணன் பய இன்னும் அதச் சொல்லிச் சிரிக்கிறான்.”

தாளை எடுக்கவில்லை, தம்பி. சரியான கணக்கை எதற்கு எடுப்பது? ஆனால் அவள் அவ்வளவு தூரம் நடந்து வந்து கேட்டதற்காக, இரண்டு பெயர் மேலும் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டினேன். பிறகு வந்தவர்கள் அட்டவணையை விட்டுவிட்டு அந்த வெள்ளைத் தாளைத்தான் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள்.

ஆனால் பவுனம்மாள் சொன்னதை நான் அலட்சியம் செய்தேன் என்று நீங்கள் எண்ணக்கூடாது. யோசித்தேன். நீண்ட நாள் யோசித்தேன். வட்டியை அடிக்க வேண்டும். அது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அவள் சொன்னதன் சாரம் இதுதானே? வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

சென்ற வருடம் தை மாதம், முதல் வருடக் கணக்கை இன்னும் முடிக்காமல் பாக்கி வைத்திருந்த இருபத்தேழு பேருக்கும் வட்டி முழுவதையும் தள்ளினேன். கொள்கைக்கு விரோதமாகத்தான் தள்ளினேன். ஒவ்வொருவருக்கும் என் கைப்பட அஞ்சலட்டை எழுதினேன். ‘தங்கள் கணக்கில் வட்டி ரூபாய் இவ்வளவு தள்ளுபடி செய்யப்பட்டுள்ளது. அசலை மட்டும் செலுத்தினால் போதும்.’ உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். நாலு பேர் பார்க்க வேண்டும் அல்லவா? அதனால்தான் அட்டையாக எழுதினேன். செங்குளத்துத் தபாலையெல்லாம் தபால்காரர் டீக்கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவார்; அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் பெரியண்ணன் வந்தார். மருதமுத்துவைப் பார்த்துச் சிரித்தாரே, அவரேதான். மேசைமேல் அட்டையைப் போட்டார். அதன்மேல் பணத்தைப் போட்டார். அசலும் இருந்தது, வட்டியும் இருந்தது.

“ஏம்மா, நான் ஒங்ககிட்ட வந்து கையேந்துனனா?”

“இல்லையே, பெரியண்ணன். கேட்காமலே விட்டிருக்கிறேன்.”

“டீக்கடையில என் கார்ட ஒருத்தன் வாசிக்கிறான், ஒம்போது பேரு கேக்குறான். ‘பெரியண்ணனுக்கு வட்டி கட்ட வக்கில்லையாம், சங்கத்தம்மா தானம் பண்ணிருச்சு’ன்னு. எங்கிட்ட இல்லாம இருக்கலாம். அத நான் வந்து சொல்லணும்மா. நீங்க வேணாம்னு சொல்லணும், நான் இல்ல இருக்கட்டும்னு சொல்லணும். அது ஒண்ணு. இது, இழவுக்கு ஓலை அனுப்புற மாதிரி அனுப்பியிருக்கீங்க!”

ரசீது எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே எதிர்க்கடைக்குப் போனார். மற்ற இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் யார் கையிலாவது அசலைக் கொடுத்தனுப்பினார்கள். மற்றவர்கள் இன்றுவரை இந்தத் தெருவில் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். வாங்கினால் குற்றம், விட்டால் அதைவிடக் குற்றம். முப்பத்தொரு வருடம் சங்கத்தில் எத்தனையோ தள்ளுபடிப் பட்டியல் எழுதியிருக்கிறேன். அங்கே யாரும் வந்து என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

கடை இப்படித்தான் காலியாயிற்று. எதையாவது மிகைப்படுத்தினேனா? இல்லை. எதையாவது விட்டேனா? அதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

விலைக்கு வருவோம். இருப்புச் சரக்கு வாங்கின விலைக்கு. அலமாரி, தராசு, மேசை ஆகியவை தேய்மானம் கழித்து. கட்டடத்துக்குக் கொடுத்த முன்பணம் அப்படியே. மொத்தம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். பட்டியல் இதோ. கூட்டிப் பாருங்கள்.

என்ன சொல்கிறீர்கள்? விலை நியாயம்தானா? மகிழ்ச்சி. பிறகு என்ன தயக்கம்?

உங்கள் மாமனாரா? டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த வேட்டிக்காரரா? பணம் அவருடையதா? சரி, வரச் சொல்லுங்கள்.

இல்லை, புரியவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள். நான் ஏழு லட்சம் என்று சொல்ல வேண்டும். அவர் குறைத்துக் கேட்பார். இரண்டு முறை நான் முடியாது என்று சொல்ல வேண்டும். பிறகு ஆறு நாற்பதுக்கு இறங்கி வரவேண்டும். ‘அவரு கையால அடிச்சுப் பேசுன வெலன்னாத்தாம்மா மாமா பணத்த எடுப்பாரு. இல்லன்னா எந்திரிச்சுருவாரு.’ அப்படியா? கொடுக்கப்போவது என்னவோ அதே ஆறு நாற்பது.

புரிகிறது. நான் அவ்வளவு முட்டாள் இல்லை, தம்பி. மருதமுத்து விஷயத்தில் பிடிவாதம் பிடித்ததன் பலனை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் வீட்டை விட்டு எங்கே போவது? இருக்கட்டும், சொல்கிறேன். ஏழு. முடியாது. முடியாது. ஆறு நாற்பது. இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கூப்பிடுங்கள்.

வணக்கம் ஐயா. வாருங்கள், உட்காருங்கள். தங்கள் மருமகப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கடையின் விலை ஏழு லட்சம்.

என்ன ஐயா, ஆறா? முடியாது.

ஆறு இருபதா? முடியாது.

இரண்டு முறை ஆயிற்று, அல்லவா தம்பி? சரி ஐயா, இனி ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.

ஏன் ஐயா எழுந்துவிட்டீர்கள்? சற்று உட்காருங்கள். தம்பி, நீங்கள் சொல்லுங்கள் அவரிடம். நீங்கள் சொன்னதில் ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல்தானே சொன்னேன்?